வில்லும் வட்டமும்

ஒரு கலையைப் பற்றித் தீர்ப்புக் கூற முற்படுபவன் முதலில் அதனைக் கண்ணாற் கண்டிருக்க வேண்டும். கண்டபின் அதன் பிறப்பையும் வளர்ப்பையும் ஆராய்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றையும் செய்யாமல் நான் ஒருமுறை தீர்ப்புக் கூறிவிட்டேன். அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதலானேன்.

என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் தூத்துக்குடித் துறைமுகத்தைச் சார்ந்த சரக்கு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறார். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "உஸ்தாத், மகன் பெங்களூரில் படிக்கிறான் அல்லவா? அங்கே ஒரு குழுவில் சேர்ந்து பிரேசில் நாட்டு ஆட்டம் ஒன்றைக் கற்று வருகிறானாம். அவன் உம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. இது நமக்கு ஆகுமா?" என்று கேட்டார். சின்னஞ்சிறு திரையில் இளைஞர் இருவர் கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களை வானத்துக்கு வீசிச் சுழன்றுகொண்டிருந்தனர். அரை நிமிடங்கூட நான் பார்த்திருக்க மாட்டேன். "இது பொழுதை வீணாக்கும் அந்நியக் கூத்து, படிப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள்" என்று கூறி எழுந்துவிட்டேன்.

நோன்புப் பெருநாளைக்கு ஊர் வந்த அப்பிள்ளை என்னைக் காண வந்தான். என் சொல்லை மறுத்து வாதாடவில்லை. வணக்கத்துக்குரிய ஆசிரியரிடம் பேசும் பணிவோடு ஒரே ஒரு செய்தியைச் சொன்னான்: "உஸ்தாத், முதல் மாதம் முழுவதும் எனக்கு உதைக்கக் கற்றுத் தரவில்லை. வட்டத்தில் நின்று கைதட்டவும், பாடுகிறவருக்குப் பின்பாட்டுச் சொல்லவும், வில்லின் ஓசையைக் கேட்கவுமே கற்றுத் தந்தார்கள்."

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். கலையைக் கற்பிக்குமுன் கூட்டத்தில் நிற்கக் கற்பிக்கும் முறை எதுவாயினும் அது வெறுங்கூத்தாக இருக்க முடியாது என்பதை அறியாதவனல்லன். ஆகவே அக்கலையைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். அப்பிள்ளையை முற்றத்தில் நிறுத்தி ஆடிக் காட்டச் சொல்லியும் பார்த்தேன். அதன் பயனே பின்வருவது.

ஆட்டமா, போரா?

இக்கலைக்குப் பெயர் கப்போயிரா. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களிடையே உருவானது. ஆடுவோர் எல்லாரும் வட்டமாக நிற்பர். அவ்வட்டத்துக்கு 'ரோடா' என்று பெயர். சக்கரம் என்பது பொருள். வட்டத்தின் ஒரு முனையில் இசைக்கருவி வாசிப்போர் இருப்பர். அவர்கள் காலடியில் குந்தி அமர்ந்து, இருவர் கை கொடுத்துக்கொண்டு வட்டத்தினுள் நுழைவர். 'ஜிங்கா' எனப்படும் அசைவே ஆட்டத்தின் அடிப்படை: ஒரு கால் பின்வாங்க, உடல் இடமும் வலமும் ஊசலாட, நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பது. அவ்வசைவிலிருந்து ஒருவர் காலை வீசுவார். மற்றவர் தாழ்ந்து ஒதுங்குவார். ஒதுங்கிய வேகத்திலேயே தம் காலை வீசி விடை கொடுப்பார்.

இதனைப் போர் என்பதா, நடனம் என்பதா? எழுதியோர் பலரும் இக்கேள்வியில் சிக்கி இடர்ப்படுகின்றனர். பிரேசில் மக்களோ இவ்விரு சொற்களையும் விடுத்து, கப்போயிராவை 'விளையாடுவது' என்றே வழங்குகின்றனர். வீசிய கால் முகத்தைத் தொடாமல் ஒரு சாண் அப்பால் நிற்கும்; 'அடித்திருக்க முடியும்' என்பதைக் காட்டுவதே வெற்றி. அடிக்க வல்லவன் அடிக்காமல் விடுவதை அங்கே புலமையாக மதிக்கின்றனர். நம் மொழியிலும் சிலம்பம் 'ஆடுதல்' என்றுதானே சொல்கிறோம்? கம்பெடுத்து நிற்பவன் போராடவுமில்லை, கூத்தாடவுமில்லை, சிலம்பம் ஆடுகிறான். இரு மொழிகளும் கடல் பல கடந்து ஒரே உண்மையைக் கண்டுகொண்டிருக்கின்றன.

நம் இலக்கியத்தை அறிந்தவர்க்கு இவ்வாட்டத்தின் இலக்கணம் எளிதில் விளங்கும். இன்று கிடைக்கும் தமிழ் முஸ்லிம் நூல்களுள் காலத்தால் முந்தியது, 1572 ஆம் ஆண்டில் அரங்கேறிய ஆயிர மசலா. வினாவும் விடையுமாகவே நடப்பது அந்நூல். கேட்பவரின் கூர்மை விடையாற் புலப்படும். விடையின் நிறைவு அடுத்த கேள்வியைப் பிறப்பிக்கும். கப்போயிராவும் உடலால் நடத்தும் ஒரு மசலா எனலாம். ஒரு காலின் வீச்சு வினா. மற்றவரின் ஒதுக்கமும் எதிர்வீச்சும் விடை. விடையறியாமல் விழுந்தவனை வட்டம் ஏளனம் செய்வதில்லை. பாட்டு அவனை மீண்டும் எழுப்பி அழைக்கிறது.

திரையிலும் மேடையிலும் இக்கலை சிதைவது எதனால் என்பதும் இதனால் விளங்கும். அங்கே காட்டப்படுவது ஒருவர் தனித்து அடிக்கும் குட்டிக்கரணம். வினாவை மட்டும் அச்சிட்டு விடையை விட்டுவிட்ட மசலா நூல் எப்படியோ, அப்படியே அதுவும். நான் கைப்பேசியில் கண்டது அத்தகைய துணுக்கே. துணுக்கைக் கண்டு நூலுக்குத் தீர்ப்பெழுதியது என் பிழை.

வில்லும் சுரையும்

வட்டத்தை ஆள்வது ஆடுபவர் அல்லர், ஒரு வில். அதற்குப் 'பெரிம்பாவ்' என்று பெயர். வளைத்த கழி ஒன்றில் எஃகுக் கம்பியை நாணாகப் பூட்டி, அடிப்பகுதியில் காய்ந்த சுரைக் குடுக்கையைக் கட்டியிருப்பார்கள். மெல்லிய குச்சியால் நாணைத் தட்டுவர். ஒரு நாணயத்தையோ கூழாங்கல்லையோ நாணில் அழுத்தியும் விட்டும் ஓசையை மாற்றுவர். குடுக்கையின் வாயை வயிற்றில் பொருத்தியும் அகற்றியும் நாதத்தைக் கூட்டுவர், குறைப்பர். பெரும்பாலும் மூன்று விற்கள் இருக்கும். அவற்றுள் கனத்த குரலுடையது தலைமை ஏற்கும். அதன் தாளம் தாழ்ந்து மெதுவாக நடந்தால் ஆட்டமும் தரையோடு தாழ்ந்து மெல்ல நடக்கும். விரைந்தால் ஆட்டமும் விரையும். வில்லின் அழைப்புக் கேட்டதும், எத்துணைச் சினத்தோடு ஆடிக்கொண்டிருப்பவரும் நிறுத்திவிட்டு வில்லின் காலடிக்குத் திரும்ப வேண்டும். வலிமை, ஓசைக்குக் கட்டுப்பட வேண்டும் என்னும் இவ்விதி எனக்கு மிகவும் பிடித்தது.

வில் இசைக்கருவியாவது நம் பகுதி மக்களுக்குப் புதுமையன்று. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிச் சீமைகளில் வில்லுப்பாட்டு அறியாதார் யார்? ஆளைவிட நீண்ட வில்; அதில் தொங்கும் மணிகள்; அதனோடு சேர்த்துவைத்த மண்குடம்; நாணை அடிக்கும் வீசுகோல். அங்கே சுரைக்குடுக்கை, இங்கே குடம்; நாணின் ஓசையைப் பெருக்கும் பணி இரண்டுக்கும் ஒன்றே. வில்லுப்பாட்டிலும் முன்பாட்டுக்காரர் சொல்லப் பின்பாட்டுக்காரர் ஏற்றுச் சொல்வர். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது ஆராய்ச்சியாகாது. வேட்டைக் கருவியை இசைக் கருவியாக்கும் எண்ணம் மனிதருக்குப் பல நாடுகளில் தோன்றியிருக்கிறது என்பதே முறை.

ஆயினும் நேரான உறவினர் ஒருவர் இந்நாட்டிலேயே உண்டு. குஜராத்தில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். அங்கு அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ரத்தன்பூரில் அடக்கமாகியுள்ள பாவா கோர் என்னும் இறைநேசரைத் தம் முன்னோராகப் போற்றுபவர்கள். அவர்களிடம் 'மலுங்கா' என்னும் கருவி உண்டு. அதுவும் வில், அதிலும் சுரைக்குடுக்கை, அதையும் குச்சியால் தட்டியே வாசிப்பர். மேற்கே அட்லாண்டிக் கடந்து சென்ற வில் பெரிம்பாவ் ஆயிற்று. கிழக்கே அரபிக் கடல் கடந்து வந்த வில் மலுங்காவாக நிலைத்தது. நம் ஏடுகள் அந்த முஸ்லிம் சகோதரர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

இன்னொன்று. இன்று கப்போயிராவின் உயிரென மதிக்கப்படும் வில், தொடக்கத்திலேயே அதனோடு இருந்ததாகத் தெரியவில்லை. ருகெண்டாஸ் என்னும் ஜெர்மானிய ஓவியர் 1835 ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற ஓவியத்தில் எதிரெதிர் நிற்கும் இருவரைக் காண்கிறோம், பக்கத்தில் முழவு வாசிப்பவரைக் காண்கிறோம், வில்லைக் காணோம். மரபு என்பது மாறாத பொருளன்று. நல்ல துணை வந்து சேர்ந்தால் ஏற்றுக்கொண்டு வளர்வதே மரபு.

இரு கரைகளைத் தாக்கிய ஒரு கை

'பிரேசிலுக்கும் முத்துக்குளிக்கும் கரைக்கும் என்ன உறவு?' என்று வாசகர் கேட்கலாம். உறவு உண்டு, அது இனிய உறவன்று. போர்த்துக்கீசியத் தளபதி கப்ரால் 1500 ஏப்ரலில் பிரேசில் கரையில் இறங்கினான். அதே கப்பற்படையோடு அதே ஆண்டில் கள்ளிக்கோட்டைக்கும் வந்து சேர்ந்தான். ஒரே பயணத்தில் இரு கரைகளும் ஒரே கண்ணுக்குத் தென்பட்டன.

மார்த்திம் அஃபோன்சோ த சோசா என்பவனை எடுத்துக்கொள்வோம். 1532 இல் பிரேசிலில் சான் விசெந்தே என்னும் முதல் நிலையான போர்த்துக்கீசியக் குடியேற்றத்தை நிறுவியவன் அவன். பின்னர் இந்தியக் கடற்படைத் தலைவனாக வந்த அவனே, 1538 இல் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் மரைக்காயர்களின் படையை முறியடித்தவன். முத்துக்குளிக்கும் கரையில் நம் முன்னோரின் கடலாட்சியை ஒடித்த கையும், பிரேசிலில் அடிமை உழைப்பால் வளர்ந்த குடியேற்றத்துக்குக் கால்கோள் இட்ட கையும் ஒரே மனிதனுடையவை. மலபாரில் அக்காலத்துக் கொடுமைகளை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் அரபு நூலில் பதிவு செய்து வைத்தார்கள். பிரேசிலில் அடிமைப்பட்டவர்களுக்கு அத்தகைய வரலாற்றாசிரியர் வாய்க்கவில்லை.

அமெரிக்கக் கண்டங்களில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கருள் ஏறத்தாழ 48 லட்சம் பேர் பிரேசிலில் இறக்கப்பட்டனர். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. அக்கண்டங்களிலேயே கடைசியாக, 1888 மே 13 அன்றுதான் அந்நாடு அடிமை முறையை ஒழித்தது. விடுதலை அளித்த இரண்டே ஆண்டுகளில், 1890 இன் தண்டனைச் சட்டம் தெருவில் கப்போயிரா ஆடுவதைக் குற்றமாக்கி, இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை விதித்தது. கைவிலங்கைக் கழற்றியவர்கள், கால் அசைவுக்கு விலங்கு பூட்டினார்கள்.

காகிதமும் உடலும்

கப்போயிரா செழித்த பாஹியா மாநிலத்தின் தலைநகர் சல்வதோர். அந்நகரில் 1835 ஜனவரி 25 விடியுமுன் அடிமைகளும் விடுதலை பெற்றவர்களுமாக ஏறக்குறைய 600 ஆப்பிரிக்கர் கிளர்ந்தெழுந்தனர். ரமலான் மாதத்தின் கடைசிப் பத்து நாட்கள் அவை. எழுந்தவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். யொரூபா மொழியில் முஸ்லிமைக் குறிக்கும் சொல்லால் அவர்களை 'மலே' என்றழைத்தனர். வரலாற்றிலும் அது மலே கிளர்ச்சி என்றே பெயர் பெற்றது. அவர்கள் மதித்த பெரியவருள் ஒருவர் பசிஃபிக்கோ லிக்குத்தான். அவருக்குப் பிலால் என்றும் பெயர். தம் எசமானன் பட்ட கடனுக்கு ஈடாக, ஏலத்தில் விற்கப்படுவதற்காக அப்போது அவர் சிறையில் அடைபட்டிருந்தார். பிலால் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சில் எழும் நினைவு அந்நகர மக்களின் நெஞ்சிலும் எழுந்திருக்கும் அன்றோ?

கிளர்ச்சி சில மணி நேரத்தில் அடக்கப்பட்டது. எழுபது பேரளவில் மாண்டனர். பின்னர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர், பலருக்குக் கசையடி, பலர் நாடு கடத்தப்பட்டனர். வீடு வீடாகச் சோதனை நடந்தது. அரபெழுத்துக் காகிதம் ஒன்று கையில் இருந்தாலே அது குற்றத்துக்குச் சான்றாயிற்று. தோற்பைகளில் தாயத்தாக அணிந்திருந்த துஆக்களும், திருமறை வசனங்கள் எழுதிய தாள்களும் பறிமுதல் செய்யப்பட்டன.

அத்தாள்கள் அழியவில்லை, வழக்கின் சான்றுகளாக அரசு ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றை எழுதிய கைகளும், எழுதக் கற்பித்த வட்டங்களும் கலைந்து போயின. 1866 இல் உதுமானியக் கப்பலொன்று வழிதவறி ரியோ நகரை அடைந்தபோது, அதில் வந்த இமாம் அப்துர் ரஹ்மான் அல்பக்தாதி அங்கே முஸ்லிம்கள் இருப்பதைக் கண்டு வியந்து, கப்பலை விட்டிறங்கிச் சில ஆண்டுகள் தங்கி அவர்களுக்குக் கற்பித்தார். கற்பிக்க ஆளின்றி அவர்கள் பட்ட பாட்டைத் தம் அரபுப் பயண நூலில் எழுதியிருக்கிறார். அவர் திரும்பிய பின் அந்தச் சுடரும் சிறுகச் சிறுக மங்கியது.

இங்கேதான் என் கருத்து முழுவதும் மாறியது. மலே மக்களிடம் எழுத்து இருந்தது. எழுத்து காப்பகத்தில் எஞ்சியது, மக்களிடம் எஞ்சவில்லை. கப்போயிரா ஆடியவர்களிடம் எழுத்தில்லை. ஆனால் காவலர் கலைத்த வட்டம் அடுத்த தெருவில் மீண்டும் கூடிற்று. காகிதத்தைப் பறிமுதல் செய்யலாம்; கூடிக் கற்றதைப் பறிமுதல் செய்ய இயலாது. எழுத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் வாழ்வே எழுத்தில் கழிந்தது. எழுத்தும் ஒரு வட்டத்தினுள் ஓதப்படும்போதுதான் உயிரோடிருக்கிறது என்பதே நான் கற்ற பாடம்.

அழிந்ததிலும் ஒரு துளி அவ்வாட்டத்தினுள் ஒளிந்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் சூழ்ச்சித் திறனை, கண்ணைக் கட்டி ஏமாற்றும் வல்லமையை, 'மந்திங்கா' என்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மந்திங்கா மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அரபெழுத்துப் பொதிந்த அவர்களின் தாயத்துப் பைகள் போர்த்துக்கீசியர் உலகெங்கும் 'மந்திங்காப் பை' என்று பெயர் பெற்றன. பின்னர் மந்திரம், மாயம் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. இன்று பெங்களூரில் ஒரு பிள்ளை அச்சொல்லைச் சொல்லும்போது, எழுதத் தெரிந்த ஓர் ஆப்பிரிக்க முஸ்லிமின் நிழல் அதில் விழுகிறது. அவனுக்கு இதை நான் எடுத்துச் சொன்னபோது, "எங்கள் குழுவில் இது யாருக்கும் தெரியாது, உஸ்தாத்" என்றான். வட்டத்துக்கும் ஏடு தேவைப்படும் இடம் இது.

குறைகளும் கொள்ளத்தக்கனவும்

புகழ்வது மட்டும் திறனாய்வாகாது. கப்போயிராவின் வரலாற்றிலும் பயிற்சியிலும் நாம் கண் திறந்து பார்க்க வேண்டியவை உண்டு.

முதலாவது, கதைகளை வரலாறாகக் கொள்ளுதல். அடிமைகள் எசமானரை ஏமாற்றப் போர்ப்பயிற்சியை நடனமாக மறைத்தனர் என்பது எல்லாரும் சொல்லும் கதை. கேட்க இனிது. ஆனால் நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுட் பெரும்பகுதி நகரத் தெருக்களைப் பற்றிய காவல்துறைக் குறிப்புகளே. துன்புற்றவர்களின் கலையை மதிப்பதற்கு அலங்காரக் கதை தேவையில்லை.

இரண்டாவது, கலையைப் போற்றிக் கலைஞரைக் கைவிடுதல். மெஸ்த்ரே பிம்பா (1899-1974) தெருவிலிருந்த ஆட்டத்துக்குப் பாடமுறை வகுத்து, 1932 இல் பயிற்சிக்கூடம் நிறுவினார். 1937 இல் அதற்கு அரசின் ஏற்பும் கிடைத்தது. மெஸ்த்ரே பஸ்தீன்யா (1889-1981) பழைய முறையைப் பேணி 1941 இல் தம் கூடத்தைத் தொடங்கினார். 1966 இல் செனகல் நாட்டுத் தக்கார் நகரில் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவுக்கும் அழைக்கப்பட்டார். இருவரும் வறுமையிலேயே கண்மூடினர். பஸ்தீன்யாவின் கூடம் இருந்த கட்டடமும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது, கண்பார்வையும் போயிற்று. 2014 இல் யுனெஸ்கோ அமைப்பு கப்போயிரா வட்டத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பட்டம் வந்தபோது பெரியவர்கள் இல்லை. இவ்வகைக் கதை நமக்கும் பழக்கமானதே.

மூன்றாவது, நம் பிள்ளைகள் கற்கும்போது எழும் மார்க்கச் சிக்கல். இதனை மழுப்பிச் சொல்லுதல் நேர்மையன்று. பாடல்கள் சிலவற்றில் கத்தோலிக்கப் புனிதர்களும், ஆப்பிரிக்கத் தெய்வங்களும் அழைக்கப்படுகின்றனர். சிலர் வட்டத்தினுள் நுழையுமுன் சிலுவைக் குறி இட்டுக்கொள்வர். புதியவருக்கு முதற்கயிறு கட்டும் சடங்குக்கு ஞானஸ்நானம் என்னும் பொருளுடைய பெயரையே வைத்திருக்கின்றனர். பெயர் அங்கிருந்து வந்தாலும் நடப்பது பயிற்சியில் தேறியதற்கான வரவேற்பே. நான் முஃப்தி அல்லன். ஃபத்வா கொடுக்க முற்படவில்லை. ஓர் ஆசிரியன் என்ற முறையில் சொல்வது இது: பிறருடைய வணக்கத்துக்கு உரியதை மரியாதையோடு அவர்களிடமே விட்டுவிடலாம், உடற்பயிற்சியையும், தாளத்தையும், வரலாற்றையும், ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் ஆடும் ஒழுக்கத்தையும் ஏற்கலாம். அப்பிள்ளை அத்தகைய பாடல் வரும்போது கைதட்டுவதோடு நின்றுவிடுவதாகவும், அவனுடைய பயிற்றுநர் அதனை ஒரு குறையாக எண்ணியதில்லை என்றும் சொன்னான். கொள்வதும் தள்ளுவதும் தெரிந்தவன் எந்த வட்டத்திலும் தன்னை இழக்க மாட்டான்.

நம் கரையில்

இனி நம்மை நோக்குவோம். என் சிறு வயதில் எங்கள் ஊர்க் கந்தூரி ஊர்வலத்தின் முன்னே சிலம்பக்காரர்கள் வருவார்கள். என் காக்கா கம்பு சுற்றியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆட்டத்தின் தொடக்க வணக்கத்தைச் 'சலாம் வரிசை' என்றே சில ஆசான்மார் வழங்குவர். இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடம் சீனடி என்னும் போர்க்கலையும், பாட்டோடு கம்பு தட்டி வட்டமாக ஆடும் களிகம்பும் உண்டு. மலபாரில் மாப்பிள்ளைமார் கோல்களி ஆடுவர். வட்டம், பாட்டு, தாளம், கம்பு, எதிரும் புதிருமான அசைவு: கப்போயிராவில் நாம் வியப்பன எல்லாம் நம் வீட்டிலும் இருந்தவையே.

அவற்றுக்கு நேர்ந்ததென்ன? நாம் அவற்றைப் பிரித்தோம். சிலம்பத்தின் கம்பைப் போட்டிகளுக்கும் பதக்கங்களுக்கும் கொடுத்தோம், பாட்டை மறந்தோம், ஊர் கூடி நின்ற வட்டத்தை மேடையாக்கி, நாம் நாற்காலிகளில் அமர்ந்துவிட்டோம். கைதட்டும் முறைகூட மாறிவிட்டது. முன்பு தாளம் பிசகாமல் காக்கத் தட்டினோம். இப்போது ஆட்டம் முடிந்ததைத் தெரிவிக்கத் தட்டுகிறோம்.

அரபுத் தமிழுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் முதலிய பெரியோர் அரபெழுத்தில் எழுதிய தமிழ் நூல்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் எத்தனையோ வீட்டுப் பெட்டகங்களில் உறங்குகின்றன. உம்மம்மாமார் கூடியிருந்து ஓதிய நாட்களில் அவை உயிரோடிருந்தன. சல்வதோர் காப்பகத்தின் தாள்களைப் போல் அவை ஆகிவிடக் கூடாது. அங்கே கலைத்தவர்கள் காவலர்கள். இங்கே கலைத்தவர்கள் நாமே.

முத்துக்குளித்தலை எண்ணிப் பாருங்கள். 1961 ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குளிப்பவர் கல்லைக் காலில் மாட்டிக் கடலடிக்கு இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டும் நேரத்தில் கீழிருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலிருப்பவர் அக்கணமே இழுத்தாக வேண்டும். அந்தத் தொழிலை எந்த நூலும் கற்பித்ததில்லை; தோணி கற்பித்தது. மூழ்குபவரின் திறமையைப் பற்றி எழுதியோர் பலர்; கயிறு பிடித்தவரைப் பற்றி எழுதியோர் சிலரே. கப்போயிரா வட்டத்தில் கைதட்டிப் பின்பாட்டுப் பாடி நிற்பவர் அனைவரும் கயிறு பிடித்தவர்களே. அவர்களில்லாமல் உள்ளே ஆடுபவன் மூழ்கிப்போவான். எந்தக் கலைக்கும் நாம் செய்யத்தக்க பணிவிடை பெரும்பாலும் இதுவே: எல்லாரும் மூழ்க வேண்டியதில்லை; கயிற்றை விடாமலிருந்தாற் போதும்.

முடிவாக, என் தீர்ப்புக்கு வருகிறேன். பெருநாளன்று ஹபஷிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே ஈட்டியும் கேடயமும் கொண்டு ஆடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மனநிறைவு கொள்ளும்வரை அதனைப் பார்த்திருக்க நாயகம் (ஸல்) அவர்கள் இடமளித்ததையும் புகாரி, முஸ்லிம் தொகுப்புகள் கூறுகின்றன. அவ்வறிவிப்புகளில் ஹபஷிகளின் செயலைக் குறிக்க ஆளப்பட்டிருப்பதும் 'விளையாடுதல்' என்னும் சொல்லே. அவ்வாட்டத்தைக் கண்ட உமர் (ரலி) அவர்கள் குனிந்து கூழாங்கற்களை எடுத்து எறிந்தார்கள். அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. உமர் (ரலி) அவர்களின் எறிதல் பேணுதலால் விளைந்தது. என்னுடையது அறியாமையால் விளைந்தது. ஆண்டுதோறும் இந்த ஹதீஸைப் பாடமாக நடத்துபவன், அரை நிமிடக் காட்சியைக் கண்டு கல்லுக்குக் குனிந்துவிட்டேன்.

மாணவரை அழைத்து என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மகன் கற்கட்டும், தொழுகையும் படிப்பும் தவறாமலிருக்கட்டும், விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் நம் சிலம்ப ஆசானிடமும் ஒரு மணி நேரம் நிற்கட்டும், என்னிடம் வந்து அரபுத் தமிழில் ஒரு பக்கம் ஓதட்டும் என்றேன். "அவன் உம்மாவிடம் யார் சொல்வது, உஸ்தாத்?" என்று சிரித்தார். நானே போய்ச் சொன்னேன். அவ்வம்மையார் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "வில்லுக்குச் சுரைக்குடுக்கை வேண்டுமாமே, கொல்லையில் ஒன்று முற்றிக் கிடக்கிறது, காய வைக்கிறேன்" என்றார்.

அந்நியக் கலை ஒன்றைக் கற்கப் போன பிள்ளை, நம் கலை இன்ன இடத்தில் அறுந்து கிடக்கிறது என்று நமக்கே காட்டிவிட்டான். அறுந்த இடம் தெரிந்தபின் முடிச்சிட்டுக் கொள்வது பெரியவர்களாகிய நம் கடமை.